பதினைந்தாயிரத்தில் ஒருவன்

“பதினஞ்சாயிரத்து அறுநூத்தி இருபத்தஞ்சுல ஒண்ணு” என்றாள் மனைவி. மின்கட்டண ரசீதின் பின்புறம் அவளே கணக்குப் போட்டிருந்தாள்.

“என்னது?”

“அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஞாயித்துக்கிழமை டியூட்டி. அது ஆறு வாரமா உங்களுக்கே விழறதுக்கு இவ்வளவுதான் வாய்ப்பு. நீங்க சொல்லிக்கொடுத்த பெருக்கல்தான். இப்ப உண்மையைச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எங்க போறீங்க?”

“சத்தியமா ஆபீஸ்தாம்மா.”

“இந்த வாரமும் விழுந்துச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க அந்த ஆபீஸ்லயே குடியிருங்க.”

அலுவலகத்தில் அவனுக்குத் தசமம் என்று பெயர். எதைச் சொன்னாலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சேர்ப்பான். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தொட்டிக்கு ஞாயிறு தெரியாது. ஒருவர் வந்து மணிக்கொரு முறை அளவு குறிக்க வேண்டும்.

யார் என்பதை வெள்ளி மாலை சீட்டு சொல்லும். நான்கு சிவப்பு, ஓர் இஸ்பேட் ஏஸ். ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, தான் மட்டும் பார்த்து, விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிட்டு, திரும்ப வைத்துக் கலைத்து அடுத்தவரிடம் தள்ளுவார். ஏஸ் விழும்வரை சுற்று ஓடும். அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்பது மேலாளரம்மா போட்ட சட்டம்.

“இன்னிக்கு நான் கடைசியா எடுக்கறேன்” என்றான் தசமம். “முதல்ல எடுக்கறவருக்கு நூத்துக்கு இருபத்தொன்பது புள்ளி ஏழு அஞ்சு. கடைசி ஆளுக்குப் பன்னெண்டு புள்ளி ஒண்ணு எட்டுதான்.”

“புள்ளி வெச்சாச்சு, இனி கோலம்தான் பாக்கி” என்றான் சீனியர் பரிசோதகன் தாடி.

மேலாளரம்மா எடுத்தார். “இல்ல.” தாடி, “இல்ல.” சேர்ந்தே சாப்பிட்டுச் சேர்ந்தே லீவு போடும் இரட்டையர் இருவரும், “இல்ல”, “இல்ல.”

தசமம் எடுத்தான். இஸ்பேட் ஏஸ்.

“அஞ்சு சீட்டு ரொம்பக் கம்மி மேடம்!” என்று பதறினான். “முழுக் கட்டையும் வெச்சு ஆடுவோம். அம்பத்திரண்டுல ஒண்ணு. எனக்கு வீட்ல பெரிய பிரச்சினை.”

“தோத்தப்புறம் ஆட்டத்தை மாத்துவியா?” என்றான் தாடி. “சரி, பாவம். ஆனா மறுபடி தோத்தா ரெண்டு ஞாயிறு. சம்மதமா?”

சம்மதித்தான். வேறு வழி?

“பத்து ரவுண்டுக்குள்ள முடிஞ்சிடும்” என்றும் சொல்லி வைத்தான். பத்து முடிந்தது. இருபது முடிந்தது. துப்புரவு அக்கா தரை துடைக்க வந்து, எல்லோரும் எழட்டும் என்று நாற்காலிகளுக்குப் பின்னால் மாப்புடன் நடை போட்டாள். நாலு பேரும் சலிக்காமல் “இல்ல” சொன்னார்கள். இருபத்தைந்தாவது சுற்றிலிருந்து, அறிவியல் பட்டதாரியான தசமம் இடக்கையால் எடுக்கத் தொடங்கினான். முப்பதில் கண்ணையும் மூடிக்கொண்டான்.

முப்பத்தொன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்து பார்த்து, “விழுந்துடுச்சு” என்றான். பாட்டரி தீர்ந்த குரல்.

“யார்கிட்டயாவது மாத்திக்கலாமா?” என்று கேட்பதற்குள் நாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியிருந்தார்கள். போகிற போக்கில் மேலாளரம்மா மட்டும் தோளில் தட்டினார். “உங்க கை ராசி அப்படிப்பா. என்ன பண்றது?”

தசமம் காகிதத்தை இழுத்து வைத்துக் கணக்குப் போட்டான். வகுத்தான், பெருக்கினான், அடித்தான். மறுபடி போட்டான். மனைவி சொன்னதுதான் சரியென்று வந்தது. இப்படி நடக்கவே வாய்ப்பில்லை. அவனுக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது.

“காலைத் தூக்குங்க தம்பி” என்றாள் துப்புரவு அக்கா. “ஏன் இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?”

“கணக்குல எங்கயோ தப்புக்கா. எங்கன்னுதான் தெரியல.”

“கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பின்னாடி நின்னு பாத்தேன். அந்தச் சீட்டு மேடத்துக்கு ரெண்டு தடவை வந்துச்சு, தாடிக்கு ஒரு தடவை, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் வந்துச்சு. வந்துச்சுன்னு வாயத் தொறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”