சுப்பராயன் கண் காட்டப் போனது

டாக்டரிடம் ஒரு உண்மைகூடச் சொல்வதில்லை என்று சுப்பராயன் முடிவு கட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு அவராகக் கட்டிய முடிவு அது ஒன்றுதான்.

வாலாஜாபாத் அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறவர். சக்கரை வியாதி வந்து பத்து வருஷம். கொஞ்ச நாளாகக் கண்ணெதிரே கொசு பறக்கிறது. அடித்தால் சாவதில்லை. போன வாரம் ஒரகடம் சாலையில் ஓர் எருமையை முதலாளி என்று நினைத்து, வண்டியை நிறுத்திக் கும்பிடு போட்டார். எருமை தலையாட்டியது. முதலாளி ஒருநாளும் ஆட்டியதில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெண்டாட்டி பாப்பம்மாள் சும்மா இருப்பாளா? காஞ்சிபுரத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் ஸ்டீரிங்கைத் தொடாதே என்பார் டாக்டர். இது சுப்பராயன் பயம். கண் போனால் ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்றே தெரியாது. இது பாப்பம்மாள் பயம்.

நர்ஸ் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். "அரை மணி நேரம் தொறக்காதீங்க."

பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தார். பாப்பம்மாள் எழுந்து போனாள். கொஞ்சம் பொறுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கமே போன?"

"உள்ள. டாக்டராண்ட."

"இன்னாத்துக்கு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

சுப்பராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாம்னா?"

"ஒண்ணு வுடல."

"பீடியுமா?"

"அத்த வுடுவனா?"

"வேற இன்னாமே சொன்ன?"

"நீ பண்றது உனுக்குத் தெரியாதா? போய்யா. பொய் சொல்றவனப் பார்த்தா அந்த டாக்டருக்கு ஆவாதாம்."

சுப்பராயன் கணக்குப் போட்டார். சரி, டாக்டர் கேட்கும் முன்னே நாமே சொல்லிவிட்டால் மானமாவது மிஞ்சும்.

உள்ளே கூப்பிட்டார்கள். பாப்பம்மாள் கதவோரம் நின்றுகொண்டாள். டாக்டர் விளக்கைக் கண்ணுக்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சக்கரை எத்தனை வருஷமா?"

"பத்து வருஷம் சார். பீடி தினம் ரெண்டு கட்டு."

"நான் பீடியைக் கேக்கலையே."

"கேப்பீங்க சார். பிரஷரும் கீது. கருவாடு இல்லாங்காட்டி சோறு எறங்காது. பஸ் ஸ்டாண்டுல தினம் ஜாங்கிரி."

ஜாங்கிரிக்குக் கதவோரம் ஒரு புருவம் ஏறியது.

"மாத்திரை?"

"அவ டப்பால போட்டுக் குடுப்பா. ஒரகடம் வளைவுல வீசிடுவேன்."

அந்த வளைவில் இருக்கும் வேலிகாத்தான் முள்மரத்துக்கு இனி ஏழு தலைமுறைக்குச் சக்கரை வியாதி கிடையாது.

டாக்டர் விளக்கை அணைத்தார். "கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிருக்கு. நாள்பட்ட சக்கரை, பிரஷர், பீடி. ஒண்ணு இருந்தாலே கண்ணுக்கு ஆபத்து. நீங்க எல்லாத்தையும் தீனி போட்டு வளத்திருக்கீங்க. இன்னிக்கே நிறுத்தினா மிச்சப் பார்வையைக் காப்பாத்தலாம். நான் சொல்றவரைக்கும் லாரி கிடையாது."

"சரி சார்."

"இதெல்லாம் வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாத்தான் நடக்கும். கூட யாரும் வரலையா?"

"இன்னா சார், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" சுப்பராயன் கதவுப் பக்கம் கை காட்டினார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"