ஒன்பதாவது ரீலில் நான்

மூன்று படங்களில் நான் திரையில் தெரிந்த நேரம், மொத்தம் நான்கு நிமிடம் இருபது விநாடி. கைக்கடிகாரத்தை வைத்துத் தியேட்டரில் உட்கார்ந்து நானே அளந்த கணக்கு இது. (ஒரு படத்தில் முதுகு மட்டும்தான் தெரியும். அதையும் சேர்த்துத்தான்.) சினிமாவுக்கென்று பெயரைக்கூட மாற்றிக்கொண்டேன். எந்தப் படத்திலும் என் பெயரைப் போடவில்லை என்பதால், மாற்றிய விஷயம் யாருக்கும் தெரியாமலே போயிற்று. இப்படிப்பட்ட ஒரு நட்சத்திரம், தன் ஒரே பெரிய காட்சியைத் தன் கையாலேயே தரையில் கொட்டிய கதையை எழுதுகிறேன். எண்பத்தொன்பது ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதி டைரியில் இருக்கிறது. இங்கே போட்டால் அக்கா அதை வருடாவருடம் கொண்டாட ஆரம்பித்துவிடுவாள்.

எண்பத்தைந்தில் ராஜபாளையத்தில் பி.காம் முடித்தேன். அப்பா ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. அம்மா அதற்கு முந்தின வருடம் இறந்திருந்தாள். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா மில்லின் டைம் ஆபீசில் எனக்காக ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை நான் சென்னைக்குக் கிளம்பினேன். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். போறேன் என்றேன். துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. அதன்பிறகு நாலு வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் கடிதங்களுக்குப் பதில் போட்டது அக்காதான்.

சென்னையில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். தீபாவளிக்கு நாலு பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். நாலு தீபாவளிக்கும் எந்தத் தெருவில் எந்த இட்லிக்கடை திறந்திருந்தது என்பதை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். வேறு குறிக்க எதுவும் இல்லை.

மூன்றாவது படத்தில்தான் அந்தக் காட்சி கிடைத்தது. (படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எடுத்தவர்களே மறக்க நினைக்கிற படம்.) வீட்டை விட்டு ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான். வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி நடந்து, அப்பாவின் காலில் விழுந்து, "என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்று அழுகிறான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பத்தொன்பது முறை எடுத்தார்கள். பதினேழாவது முறை நான் விழுந்தபோது, அப்பாவாக நடித்த பெரியவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். ஆக, சொந்த அப்பாவிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தையைச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் பத்தொன்பது முறை சொல்லியிருக்கிறேன்.

இதை அக்காவுக்கு எழுதினேன். அவளுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நேரில் சொல்லத்தான் உனக்கு வாய் வராது, படத்திலாவது நீ காலில் விழுவதை அப்பா பார்க்கட்டும் என்று பதில் எழுதினாள். படம் மதுரையில் ஓடி ஓய்ந்து, ஆவணியில் எங்கள் பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர அப்பா சம்மதித்துவிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை. நான் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை ராஜபாளையம் வந்து இறங்கினேன். வீட்டுக்குப் போக முடியாது. பிறந்த ஊரில் லாட்ஜில் அறை எடுத்தேன். பதிவேட்டில் 'ஊர்' என்ற இடத்தில் சென்னை என்று எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "நீங்க மேஸ்திரி மகன்தான?" என்றார். இல்லை என்றேன். (நான் நடித்ததில் ஓரளவு நம்பும்படியாக அமைந்தது அதுதான் என்று நினைத்திருந்தேன். அவர் நம்பவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.)

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் படங்களுக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும். மதியக் காட்சி முதலில் ராஜபாளையத்தில் தொடங்கும், ஒரு மணி நேரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில். இங்கே ஓடி முடித்த ரீல்களை இரண்டு மூன்றாக ஒரு ஆள் மொபெட்டில் வைத்து அங்கே கொண்டுபோவார். மாலையில் பெட்டி அங்கே இருப்பதால் அங்கே முதலில் தொடங்கி, பிறகு இங்கே வரும். எனவே நான் ராஜபாளையத்தில் உட்கார்ந்து பார்த்தால், நான் பார்த்த அதே ரீலை ஒரு மணி நேரம் கழித்து அப்பா பார்ப்பார். பக்கத்தில் உட்காரத்தான் தடை. முன்னால் போய்ப் பார்க்கத் தடை இல்லையே.

மதியக் காட்சிக்கு என்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். ஒன்பதாவது ரீலின் கடைசியில் நான் வாசலில் வந்து நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் அந்த நேரம் பார்த்து எழுந்து ஒதுங்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் போயிருந்தேன். யாரும் விசில் அடிக்கவில்லை, அழவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். யாரிடமாவது அது நான்தான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கைகள் இரண்டு புறமும் காலி.

எழுந்து மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். ஆபரேட்டர் சீனிவாசனைக் கல்லூரி நாட்களிலிருந்தே தெரியும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் தியேட்டரிலும் தெலுங்கு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கால்ல விழுந்து அழுதது நீதானப்பா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லா விழுந்த."

என் நடிப்புக்கு வந்த முதல் விமர்சனம். இன்றுவரை கடைசியும் அதுதான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வெக்கையிலேயே நின்றுவிட்டேன். சும்மா நிற்பதற்கு ஒன்பதாவது ரீலையாவது சுற்று என்று ஒரு கைப்பிடியைக் காட்டினார். ஓடி முடிந்த ரீலில் முடிவு வெளியே இருக்கும். தொடக்கம் வெளியே வரும்படி அதைத் திரும்பச் சுற்றினால்தான் அடுத்த ஊரில் ஓட்ட முடியும். கீழே மொபெட்டோடு தேவசகாயம் காத்திருந்தார்.

சுற்ற ஆரம்பித்தேன். முடிவு வெளியே இருந்ததால் எடுத்த எடுப்பில் நான்தான் வந்தேன். கைப்பிடியை நிறுத்திவிட்டு பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தபால்தலை அளவில் நான். ஒரு அடிக்குப் பதினாறு நான், ஒருவர் கீழே ஒருவராக. அவ்வளவு பேரோடு நான் எந்தத் தீபாவளிக்கும் இருந்ததில்லை. கொஞ்சம் சுற்றுவேன், கொஞ்சம் பார்ப்பேன். விட்டுவிட்டுச் சுற்றியதில் பிலிம் தொளதொளவென்று சேர்ந்தது. ஒருவழியாக முடித்து, பெருமையாகத் தூக்கினேன். நடு கழன்று, ஆயிரம் அடி பிலிமும் சரசரவென்று என் காலில் விழுந்தது. (ஆமாம், காலில் விழுந்தது. அன்றைக்கு ராசி அப்படி.)

"ஏமிரா இதி!" என்றார் சீனிவாசன். அவர் இயந்திரத்தை விட்டு நகர முடியாது. தேவசகாயம் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, இடியாப்பம் பிழிகிற வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்தவர் மாதிரி நின்றார். ஏழையும் எட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்பதை அடுத்த நடைக்குத் தயாராக வைக்கச் சொன்னார். அடுத்த நடைக்கு வந்தபோது நான் பாதிக் குவியலுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல என்ன சொல்லட்டும்?" என்றார்.

"எட்டுக்குப் பொறவு பத்த ஓட்டச் சொல்லு. எவன் கேக்கப்போறான்?" என்றார் சீனிவாசன்.

கேட்கிற ஒரே ஆள் அங்கே வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கைக்குக் கிடைத்த ஒரு முனையைப் பிடித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தேன். முடித்தபோது ஐந்தேகால் மணி. தகர டப்பாவில் வைத்து நானே பஸ் ஏறினேன்.

மடியில் இருந்த வட்ட டப்பாவைக் கண்டக்டர் உற்றுப் பார்த்தார். "பால்கோவாவா தம்பி? இங்கருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா கொண்டுபோற மொத ஆளு நீங்கதான்."

தியேட்டருக்கு நான் போய்ச் சேருவதற்குள் அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். படம் தொடங்கியதிலிருந்து அப்பா இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம், எம் மவன் வருவான், பாரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். எட்டாவது ரீலுக்குப் பிறகு பத்தாவது ஓடியது. சீனிவாசன் சொன்னது சரிதான், ஒருவரும் கேட்கவில்லை. படம் முடிந்து, விளக்கு எரிந்து, எல்லோரும் போனபிறகும் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. அக்கா எழுப்பியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போய், எம் மகன் எங்கே என்று கேட்டிருக்கிறார். பிள்ளையைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்து மேனேஜர் காகிதத்தை எடுத்தார்.

"என்ன வயசுங்க? என்ன சட்டை போட்டிருக்கான்?"

"இருபத்தஞ்சு. சட்டை என்னன்னு நீரு படத்த ஒழுங்கா ஓட்டியிருந்தால்ல எனக்குத் தெரியும்."

அந்த நேரத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். சட்டையெல்லாம் வேர்வை, கையில் டப்பா. அத்தான் என்னைப் பார்த்ததும் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா பார்த்தார். நாலு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

"எங்கலே காணோம் உன்னைய?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன், சென்னை அறையில், நாலு வருடமாக. வாயில் வந்தது வேறு. டப்பாவை நீட்டி, "இதுக்குள்ள இருக்கேம்ப்பா" என்றேன்.

அவர் அதை வாங்கி, நூல்கட்டை எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் கொடுத்து, அடுத்த ஆட்டத்தில் இதைப் போடும், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார்.

மாலைக் காட்சி. அப்பா, அக்கா, அத்தான், ஒரு காலி இருக்கை, பிறகு நான். அந்தப் படத்தைத் தானே கேட்டு ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தவர் உலகத்திலேயே அப்பா ஒருவர்தான். எட்டு ரீலையும் அசையாமல் பார்த்தார். ஒன்பதாவது வந்தது.

கைக்குக் கிடைத்த முனை என்று சொன்னேன் அல்லவா? அது தொடக்கத்தின் முனை. ஆகவே தொடக்கம் உள்ளே போய், முடிவு வெளியே வந்திருந்தது. அங்கிருந்த ஆபரேட்டர் என்னை நம்பி அப்படியே மாட்டிவிட்டார். படம் தலைகீழாகத் தெரிந்தது. பேச்சு இல்லை, வெறும் கொரகொரப்பு. தரை மேலே இருந்தது, கூரை கீழே. நான் அப்பாவின் காலடியில் கிடந்தேன். கன்னத்தில் இருந்த கண்ணீர் ஏறிக் கண்ணுக்குள் போயிற்று. காலை விட்டுவிட்டு எழுந்தேன். முகத்தை அவரிடம் காட்டியபடியே பின்பக்கமாக முற்றத்தில் நடந்தேன், வாசலைத் தாண்டினேன், தெருவில் இறங்கிப் போய்விட்டேன். தியேட்டர் முழுக்க விசில். முன்வரிசையில் ஒருவர் பெஞ்சில் தலையை வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடியும் முழுசாக ஓடியபிறகுதான் ஆபரேட்டர் விழித்துக்கொண்டு நிறுத்தினார்.

இருட்டில் அக்கா முந்தானையை வாயில் அடைத்திருந்தாள், சிரிப்புக்கா அழுகைக்கா என்று தெரியவில்லை. அப்பாதான் முதலில் பேசினார். திரையைப் பார்த்தபடியே, நிதானமாக.

"இதத்தான் நான் அன்னைக்கே வீட்ல பார்த்தாச்சேலே."

பிறகு சிரித்தார். மில் இரைச்சலுக்குள் பேசிப் பழகியவர், சிரிப்பும் அதற்கேற்ற அளவில்தான் வரும். பத்தாவது ரீல் தொடங்கியும் அவர் நிறுத்தவில்லை. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த லாட்ஜு ரூமக் காலி பண்ணு மொதல்ல" என்றார். லாட்ஜ் மேனேஜர் சனிக்கிழமையே போய்ச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமையோடு பெட்டி ஊரை விட்டுப் போயிற்று. அந்தப் படம் மறுபடி எங்கள் பக்கம் வரவில்லை. டிவியிலும் போடவில்லை. அதற்குமேல் எனக்கும் படம் வரவில்லை. தொண்ணூற்றொன்றில் திரும்பி வந்து, அதே மில்லின் டைம் ஆபீசில் சேர்ந்தேன். நேரம் குறிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே வேலை. நான் வாசலிலிருந்து நடந்து காலில் வந்து விழுகிற பக்கத்தை அப்பா கடைசிவரை பார்க்கவில்லை. தொண்ணூற்றெட்டில் இறந்துபோனார். நேரில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் இருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து காபி குடித்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் சென்னைக்குக் கிளம்பினேன். இந்த முறை அப்பா சைக்கிளைத் துடைக்கவில்லை. தெருவரை வந்து நின்றார்.

"பின்னாலயே நடந்து போலே" என்றார். "வாரதா நெனச்சுக்கிடுதேன்."

அக்கா வீட்டில் இதை இன்னும் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், நான் கிளம்பும்போது அவள் பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் 'பின்னாலயே நடந்து போங்க' என்று சொல்வார். இப்போது அவர்களின் பிள்ளைகளும். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு, எல்லோர் முகத்தையும் பார்த்தபடி, தெருமுனைவரை பின்பக்கமாகவே நடந்து காட்டுவேன். ராஜபாளையத்து வீட்டில் இப்போது நான் மட்டும்தான். அங்கிருந்து கிளம்பும்போது அப்படி நடப்பதில்லை. திரும்பி நின்று கதவைப் பூட்ட வேண்டியிருக்கிறது.