டென்மார்க்கில் தாலியோடு இறங்கியவன்

ரெயினில் ஒரே சீட்டில் பத்து நிமிடம் இருக்க என்னால் ஏலாது. இதை நான் வியாதி என்பேன். என் மனைவி மாலினி வேறு பெயர் வைத்திருக்கிறாள் (அதை இங்கே எழுத முடியாது).

2010இல் அவளுடைய தம்பிக்கு டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில், கல்யாணம். தாலி மட்டும் பிரான்சில், நாங்கள் இருக்கும் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் செய்தது. "கொண்டுவாறது உங்கடை பொறுப்பு, அத்தான்" என்று மச்சான் ஃபோனில் சொன்னான். என்னை நம்பி ஒருவரும் அதற்குமுன் பொறுப்பு என்ற சொல்லைப் பாவித்ததில்லை. தாலிப் பெட்டியைக் கோட்டுப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை, முதல்நாள் வந்து தங்கிய ஓடென்ஸ என்ற ஊரில் ரெயின் ஏறினோம். பதினொன்றரைக்கு முகூர்த்தம். மாலினி கூறைச்சேலையை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்தாள். நான் எழுந்து பெட்டி பெட்டியாக நடந்தேன். முன்பெட்டியில் நின்று வயல், மாடு, மறுபடி மாடு என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, டேனிஷில் ஏதோ நீளமாக அறிவித்தார்கள். (வரவேற்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.) வைல ஸ்டேசனில் ரெயினை இரண்டாகக் கழற்றி, பின்பாதியை ஹேர்னிங்குக்கும் முன்பாதியை வடக்கேயும் அனுப்புவார்களாம். அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபோன் அடித்தது. மாலினி.

"எங்கையப்பா நிக்கிறியள்?"

"ரெயினுக்கைதான்."

"எந்த ரெயினுக்கை?"

வழியில் இறங்கி, விசாரித்து, ஹேர்னிங் போகும் வேறொரு சின்ன ரெயினைப் பிடித்தேன். அதிலாவது பேசாமல் இருந்திருக்கலாம். ரூ என்ற குட்டி ஊரில் ரெயின் கொஞ்சம் தாமதித்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்க இறங்கினேன். அவ்வளவு நேரந்தான் நின்றது.

அடுத்த ரெயின் ஒரு மணித்தியாலம் கழித்து. ஊருக்குள் ஓடினேன். அழகான வீடுகள், வெட்டிய புல், ஒரு குருவிக்கும் வேலையில்லாத தெருக்கள். லா சப்பலில் நடக்கவே இடமிராது. இங்கே வழிகேட்க ஓர் ஆளில்லை. மூன்றாவது தெருவில் ஒரு வெள்ளைக்கார அம்மா ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். பதற்றத்தில் என் வாயில் வந்தது கல்யாணத்துக்கான பிரெஞ்சுச் சொல்தான்.

"மரியாஜ்! மரியாஜ்!"

அவருக்கு விளங்கவில்லை. தாலிப் பெட்டியை எடுத்தேன், கைதவறி விழுந்தது. ஒரு முழங்காலை ஊன்றி எடுத்து, திறந்து, தங்கம் மின்ன அவரிடம் நீட்டினேன்.

அவர் முகம் சிவந்து ரோசாவை வென்றது. உள்ளே பார்த்துப் புருசனைக் கூப்பிட்டார்.

வந்தவர் ஆறடிக்கு மேல். மச்சானுக்கு அடித்து ஃபோனை அவரிடம் நீட்டினேன். மச்சான் டேனிஷில் விளக்க விளக்க, மனுசன் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். அந்த அம்மா ஓடிப்போய்ச் சட்டை மாற்றிவந்து முன்சீட்டில் ஏறினார்.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குள் விழுந்தேன். ஐயர் பெட்டியைப் பறித்தார். மாலினி என்னைப் பார்க்கவேயில்லை. மூன்று நாள் பார்க்கவில்லை. அந்தத் தம்பதி முன்வரிசையில் இருந்து அட்சதை போட்டு, வடை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதன்பின் மச்சான் வீட்டு விசேஷம் எதையும் அவர்கள் தவறவிட்டதில்லை. மச்சானின் பிள்ளைகள் மாலினியை 'மாமி' என்கிறார்கள். நான் முழங்காலில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்ததால், அந்த அம்மாவை 'மற்ற மாமி' என்கிறார்கள். அவருக்கு அர்த்தம் தெரியாது. கூப்பிட்டால் சந்தோசமாக ஓடிவருவார்.