அதிபரின் விடைத்தாள்

கப்பல்காரர்களே நாலு பேரிடம் வழி கேட்டுப் போகிற தூரத்தில் ஒரு நாடு இருந்தது. அங்கே மன்னர் கிடையாது, அதிபர்தான். சிவப்புத் தொப்பிக்காரர்களும் நீலத் தொப்பிக்காரர்களும் மாறி மாறி ஜெயிப்பார்கள். யார் ஜெயித்தாலும் ஒரு வழக்கம் மாறாது. வருஷத்துக்கு ஒருமுறை அதிபர் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பரீட்சை எழுத வேண்டும். மதிப்பெண்ணை ஊரறிய வாசிப்பார்கள். ஆள்கிறவருக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கட்டுமே என்று முன்னோர் செய்த ஏற்பாடு.

ஒரு வருஷம், ஆற்றங்கரை ஊர்களை எழுதச் சொன்ன கேள்வியில் சிவப்புத் தொப்பி அதிபர் குருவிமேட்டை விட்டுவிட்டார். தாள் திருத்திய டீச்சர் மரகதம் மதிப்பெண்ணைக் குறைத்தாள். மறுநாளே கல்வி அமைச்சர் வந்து நின்றார்.

"அம்மா, அதிபர் தவறு செய்ய இயலாது. ஆகவே ஊர்தான் தவறு செய்திருக்கிறது."

"ஊர் அங்கேதானே இருக்கு ஐயா? என் தங்கச்சியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கோம்."

"இருக்கலாம். விடையில் இல்லையே."

அதிபர் எழுதுவதே சரியான விடை என்று சட்டம் வந்தது. குருவிமேட்டுக்கு முதலில் பஸ் நின்றது. பிறகு கரண்ட், பிறகு தண்ணீர். நீலத் தொப்பிக்காரர்கள் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தி, அடுத்த தேர்தலில் ஜெயித்தும் விட்டார்கள். உடனே கமிட்டி போட்டார்கள். பிள்ளைகளை மறுபடி குழப்பக் கூடாது என்று சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, ரொம்பப் பொறுப்பானவர்கள்.

மரகதத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் மகள் கயல் அந்த வருஷம் எட்டாம் வகுப்பு. தேறாவிட்டால் மேற்படிப்பு கிடையாது. அவளுக்கு இருப்பதோ அந்த ஒரே பிள்ளை. என்ன செய்வாள் பாவம், புதுப் பாடத்தை அவளே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

"குருவிமேடு சித்தி ஊராச்சேம்மா?"

"அப்படி ஊரே இல்லைன்னு படி. கேள்வி கேட்காதே."

கயல் படித்தாள். முழு மதிப்பெண் வாங்கினாள்.

அப்புறம் ஒருநாள் மரகதத்தின் தங்கை பூங்கோதை குருவிமேட்டிலிருந்து நடந்தே வந்து, தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டினாள். கயல் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்தினாள். "யாருமில்லைம்மா." பிள்ளை பொய் சொல்லவில்லை, முகத்திலேயே தெரிந்தது. மரகதம் ஓடிப்போய்த் தங்கைக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று மிரண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளை.

அடுத்த தேர்தலில் பழைய சிவப்புத் தொப்பி அதிபரே திரும்பி வந்தார். அந்த நாட்டில் தொப்பி போட்டுக்கொண்டு போய்த்தான் ஓட்டுப் போடுவார்கள். மரகதம் போட்டுக்கொண்டு போனது நீலத் தொப்பி.

பரீட்சை வந்தது. கடைசிக் கேள்வி: இந்நாட்டு மக்கள் யார்? அதிபர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: எனக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

மரகதம் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் பக்கத்திலேயே நின்றார். மகளின் மேற்படிப்பை நினைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டாள். மதியமே எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அந்த விடையை ஒப்பித்தார்கள், கயலும்தான்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கயல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கயல், சாப்பிட்டியா?"

கயல் அவளைத் தாண்டித் தெருவையே பார்த்தாள். சிவப்புத் தொப்பியோடு கோலப்பொடி வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அத்தை, எங்கம்மாவை வழியிலே பார்த்தீங்களா?"

"எந்த அம்மாடி கண்ணு?" என்றாள் அவள்.