மாய விளக்கு பரிசீலனைக் குழு

மாய விளக்கை ஏற்ற என்ன வேண்டும்? மந்திரம் போதும் என்று நினைப்பவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திராத பாக்கியவான்கள்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுடைய கடைக்குட்டி மகள் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தாள். ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, கதை பேசிப் பேசியே ஆட வேண்டும். இருட்டுக் குகைக்குள் புகுந்து, டிராகனிடம் சிக்காமல் மறுபக்கம் வெளியேறினால் வெற்றி. வழி காட்ட ஒரு மாய விளக்கு. அம்மாவின் இருமல் மருந்து பாட்டில் மூடிதான், தங்க வர்ணம் பூசியது. "ஒளியே வா" என்று சொன்னால் எரிந்துவிடும்.

பொம்மைக் கம்பெனி முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "சாயங்காலம் நேர்ல வரேன். அதுக்குள்ள ஒரு குடும்பமாவது குகையைத் தாண்டியிருக்கணும். தாண்டினா வாங்கிக்கறேன்."

ஆகவே சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பம் கூடியது. நில அளவை அலுவலகத்துப் பெரிய மகன், மாவீரன். தணிக்கைத் துறையில் இருக்கும் மருமகள், மந்திரவாதி. ஏதோ பெரிய கம்பெனியில் எதையோ நிர்வகிக்கும் மாப்பிள்ளை, வில்லாளி.

"இருட்டுக் குகை வாசல்ல நிக்கறீங்க. விளக்கு காலடியில கிடக்கு," என்றாள் கடைக்குட்டி.

"யாரும் தொடாதீங்க," என்றான் மாவீரன். "யார் பேர்ல இருக்குன்னு தெரியாம எடுத்தா நம்ம தலையிலதான் விடியும்."

"அது மாய விளக்குண்ணா. யார் பேர்லயும் இல்ல."

"அப்போ புறம்போக்கு. இன்னும் சிக்கல்."

"எண்ணெய் இல்லாமயா எரியும்?" என்றாள் மந்திரவாதி.

"ஆமா அண்ணி."

"எண்ணெயே வாங்காம எப்படி எரிஞ்சதுன்னு கேப்பாங்களே. முதல்ல எண்ணெய் வாங்கிடுவோம். செலவாகலேன்னா, ஏன் ஆகலேன்னு விசாரிக்கலாம்."

வில்லாளி கையை உயர்த்தினார். "இருட்டுன்னு சொல்லாதீங்க. எங்க ஆபீஸ்ல அந்த வார்த்தையையே எடுத்துட்டோம். வெளிச்சத்துக்கான வாய்ப்புன்னு சொல்லணும். எல்லாரும் கண்ணை மூடி அந்த வாய்ப்பை உணர்வோம்."

மூவரும் கண்ணை மூடினார்கள். வாய்ப்பு இன்னும் அதிகமாயிற்று.

பிறகு, மேற்படி விளக்கை ஏற்றலாமா என்பதைப் பரிசீலிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. அதில் மூவரும் இடம்பெற்றார்கள். குகைக்குள் டிராகன் உறுமியது. கடைக்குட்டிதான் தொண்டை கிழிய உறுமினாள்.

"புகார்னா எழுதிக் குடுக்கச் சொல்லு," என்றான் அண்ணன்.

வெயில் சாய்ந்தது. கடைக்குட்டியின் கண் கலங்கியது. சமையலறையில் காய் நறுக்கியபடி அம்மா வேண்டிக்கொண்டாள். 'கடவுளே, என் பிள்ளைகளுக்கு நல்ல உத்தியோகம் குடுன்னு கேட்டேன். குடுத்தே. கொஞ்சம் யோசிச்சுக் குடுத்திருக்கக் கூடாதா?'

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூடியைச் சட்டென்று எடுத்தாள். "நானும் ஆடறேன். ஒளியே வா."

"எரிஞ்சிடுச்சும்மா. வழி தெரியுது. எல்லாரும் உள்ள போங்க," என்று குதித்தாள் கடைக்குட்டி.

மூவரும் எழுந்தார்கள். அப்போதுதான், விளக்கைப் பிடித்திருந்த அம்மாவின் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு களை வந்தது.

"இருங்க. இப்படியா முண்டியடிக்கறது? கை கால் கழுவிட்டு ஒவ்வொருத்தரா வாங்க. பெரியவனே, நீ குளிச்சியா?"

"மாவீரன் காட்டுல குளிக்க மாட்டான்மா."

"அப்போ கடைசியில நில்லு."

கூடத்தில் வரிசை நின்றது. பொறுமையிழந்த டிராகன் குகையை விட்டே வெளியே வந்து, "எனக்குப் பசிக்குது," என்றது.

"எல்லாருக்கும்தான் பசிக்குது. வரிசையில வா."

டிராகன் அண்ணன் பின்னால் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, "உள்ள என்ன குடுக்கறாங்க?" என்றார்.

"தெரியல சார். ரொம்ப நேரமா நிக்கறோம்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "இத்தனை பேர் நிக்கறாங்கன்னா நல்ல சரக்காத்தான் இருக்கும். விளையாட்டை வாங்கிக்கறேன்மா." சொல்லிவிட்டு, குகையை யாராவது தாண்டினார்களா என்று கேட்க மறந்து, டிராகன் பின்னால் நின்றுகொண்டார்.

அம்மா கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். விளக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நேரமாயிடுச்சு. எல்லாரும் நாளைக்கு வாங்க."

வரிசை கலைந்தது. முதலாளி மட்டும் தயங்கித் தயங்கி அம்மா அருகே வந்தார்.

"டிராகனுக்கு அடுத்து நான்தான். கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்கம்மா."