அதிகாரி வீட்டு வாசலில் ஒரு கழிப்பறை

அதிகாரியின் வீட்டு வாசலில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மூன்று பேர் அழுத்தியிருந்தார்கள். செல்போனைப் பார்த்த வரைபடக்காரர் பதறி எழுந்தார்.

அதை அங்கே வைத்தவரே அவர்தான்.

ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களே சொல்லட்டும் என்று அவர் வேலை பார்க்கும் நகரமைப்பு அலுவலகம் செல்போனில் ஒரு விளையாட்டு விட்டிருந்தது. மரமோ, பெஞ்சோ, கழிப்பறையோ, வேண்டிய இடத்துக்கே போய் நின்று திரையில் வைக்க வேண்டும். மற்றவர்களும் அங்கேயே வந்து 'வேண்டும்', 'வேண்டாம்' என்று அழுத்தலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. கூட்டிக் கழித்து இருபதைத் தொட்டால், வைத்தவர் பெயரோடு கோப்பு தானாகவே அதிகாரியின் மேசைக்குப் போய்விடும்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக அந்த வாசலில் பயந்துகொண்டே காத்திருந்தபோது, விளையாட்டு வேலை செய்கிறதா பார்ப்போம் என்று கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தார். அழிக்க மறந்துவிட்டார். ஆதரவு விழுந்தபின் அழிக்கவும் முடியாது.

அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர், வரைபடத்தில் அதிகாரி வீட்டு மதில் மேல் தெரியாமல் ஒரு பென்சில் கோடு போட்டவர். இன்றும் குப்பைக் கிடங்கில் லாரி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"நேரா போய் 'வேண்டாம்'னு அழுத்திட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

போனார். பயம் வந்தால் அவர் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கால் ஓரிடத்தில் நிற்காது. அப்படியே அழுத்தினார். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஐயாவைப் பார்க்கணுமா?"

"ஐயோ, இல்லப்பா!"

வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மறுநாள் எண்ணிக்கை ஏழு.

"யாரு அழுத்துறாங்க? அந்தத் தெருவுல ஈ காக்கா கிடையாதே!"

"யாரோ உங்க மேல கண்ணு வச்சிருக்காங்க" என்றாள் மனைவி. அதைக் கேட்டதும் இருந்த கொஞ்சம் தைரியமும் போயிற்று.

அன்று அவளும் கூட வந்தாள். இவர் நெளிய, அவள் முதுகைத் தடவி, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ முடிஞ்சுது" என்றாள். காவலாளி நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"தண்ணி குடிங்க சார்."

"தண்ணியா? இப்ப எதுவும் வேணாம்ப்பா!"

மறுநாள் பன்னிரண்டு.

வரைபடக்காரர் தூக்கமில்லாமல் கடவுளை வேண்டினார். 'லாரி எண்ண வைத்துவிடாதே, சுவாமி.' பிறகு மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் பட்டறை நண்பர்கள் இரண்டு பேரோடு வந்து இறங்கினான். மனைவியையும் சேர்த்து ஐந்து பேரும் அதிகாரி வாசலில் நின்றார்கள்.

"வரிசையா நிக்காதீங்கடா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க!"

"பதறாதீங்க மாமா, ஒவ்வொருத்தரா முடிச்சிட்டுப் போயிடுறோம்" என்று மைத்துனன் சத்தமாகச் சொன்னான்.

மறுநாள் காலை இருபது. கோப்பு போய்விட்டது. பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

"இது நீங்க வச்சதா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்கய்யா... தெரியாம... பிள்ளைகுட்டிக்காரன்..." கை வயிற்றுக்குப் போய்விட்டது.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே வேலையை ஆரம்பிங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் வரைபடக்காரரை இன்னும் பயமுறுத்தியது.

கோப்போடு வெளியே வந்தார். அதிகாரி வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியோடு காவலாளி அங்கே நின்றிருந்தார். இவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"கையெழுத்து ஆயிடுச்சா சார்? போன வாரத்துல இருந்தே நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து, கடைசியில குடும்பத்தோட வந்து வரிசை கட்டி நின்னதைப் பார்க்க மனசு பொறுக்கல. தெருவுல இருக்கிற டிரைவர், தோட்டக்காரர் எல்லாரையும் நான்தான் கூட்டிட்டு வந்து 'வேண்டும்'னு அழுத்த வச்சேன். விஷயத்தைச் சொன்னதும், இருபதாவதா ஐயாவே வந்து அழுத்தினாரு சார்!"