பேத்திக்காகத் தண்ணீரில் விட்ட கரண்ட்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, எங்கள் வீட்டுத் தண்ணீர் மூவரும் நலம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, என் மகள், எல்லோருக்கும் மேலாக நம் பேத்தி நலமாயிருக்க வேண்டுகிறேன். பரிசோதனைக்கூடத்து ரிப்போர்ட் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஈயம்: கண்டறியப்படவில்லை! கைதட்டலாம் சம்பந்தி, நான் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பது போன மாதம் தெரிந்ததும், "அது சரியாகுற வரைக்கும் பாப்பாவத் தூக்கிட்டு வரமாட்டேன்ப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று என் மகள் போனில் சொல்லிவிட்டாள். பிறந்தபோது பார்த்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். தவழ்கிறதாம். அதையும் போன் திரையில்தான் பார்க்கிறேன், அதிலும் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. கேன் தண்ணீர் வாங்கிவைத்தால் போதாதா என்று என் மனைவி கேட்டாள். "என் பேத்திக்கு என் வீட்டுத் தண்ணி இல்லையா?" என்று வீராப்பாகக் கத்திவிட்டேன். கத்திய பிறகு பின்வாங்க முடியுமா, சொல்லுங்கள்.

தெருமுனையில் முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவரிடம் போய் நின்றேன். "ரொம்ப சுலபம் சார். டிரம்முல ரெண்டு இரும்புத் தகட்ட நிறுத்திக் கரண்ட் விடுங்க. இரும்பு கரைஞ்சு துகள் துகளாத் திரளும், ஈயம் அதுல ஒட்டிக்கிட்டு அடியில படிஞ்சுடும். மேல் தண்ணிய மணல்ல வடிகட்டிக்குங்க" என்று சொல்லி, பேட்டரி மாதிரி கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்றையும் இரண்டு தகடுகளையும் இரவல் கொடுத்தார். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் நான், ஏழு கடலையும் பாடமாக எடுத்தவனுக்கு ஒரு டிரம் தண்ணீர் எம்மாத்திரம்? சுவிட்சைப் போட்டேன், நுரை பொங்கியது பாருங்கள் சம்பந்தி, எனக்குத் தலைகால் புரியவில்லை, படியும்வரை பொறுமை இல்லாமல் அப்படியே மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டேன், மாடியில் குடியிருக்கும் வக்கீல் அந்த நேரம் பார்த்தா குளிக்க வேண்டும், தலையிலிருந்து செங்கல் நிறம் வழிய இறங்கி வந்து, "சார், இது தண்ணியா, பெயிண்டா?" என்று கேட்டார்.

என் மனைவி, "இரும்பப் போட்டா துருத்தான் வரும். நல்லதா எதையாவது போடக் கூடாதா?" என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது! அவள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த இரண்டு எவர்சில்வர் தட்டுகளை மாட்டினேன். இந்தத் தடவை பொறுமையாகப் படியவிட்டு மணலில் வடிகட்டினேன். துரு நிறமே இல்லை! லேசான மஞ்சள், அவ்வளவுதான், அதுவும் வெயிலில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒரு சொம்பு மூடி வைத்திருக்கிறேன். நான்கூட வாயில் வைக்கவில்லை, முதல் வாய் என் பேத்திக்குத்தான்.

ஆகவே தயங்காமல் என் மகளையும் குழந்தையையும் வருகிற வாரமே அனுப்பிவையுங்கள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், பேத்திக்குக் கன்னம் கொள்ளாத முத்தங்கள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பட்டறைக்காரர் வந்தார். ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பினார். பின்பக்கமும் அச்சடித்திருக்கிறார்கள், எனக்கென்ன தெரியும்! குரோமியம், நிக்கல் என்று இரண்டு உலோகங்கள், ஈயம் இருந்ததைவிடப் பல மடங்கு. "தகட்ட யார் சார் மாத்துனது? எவர்சில்வர் கரைஞ்சா அதுல இருக்கிறதெல்லாம் தண்ணிக்குள்ள வந்துடுமே சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சொம்பை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். குழந்தையை அனுப்ப வேண்டாம். நான் மூலையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து என் மனைவி, "குழந்தையப் பாக்கணும்னா தண்ணிய எதுக்குச் சுத்தம் பண்ணணும்? பஸ் ஏறுனாப் போதாதா?" என்றாள். ஒரு மாதமாக இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? நாளைக் காலை வண்டியில் வருகிறோம், தபாலைவிட நாங்கள் வேகம் என்பதால் இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். தாங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரே பேத்தியை மடியில் வைத்திருப்பேன், திட்டுவதாயிருந்தால் மெதுவாகத் திட்டுங்கள்.